பூண்டுச் சந்தையும் கல்லூரி இடமும்

சென்ற மாதம் கொடைக்கானலில் மேனிலைப் பள்ளி மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டும் கூட்டம் ஒன்று நடந்தது. எந்தப் படிப்புக்கு எந்தப் பாடப்பிரிவில் தேறியிருக்க வேண்டும், எதற்கு நுழைவுத்தேர்வு உண்டு என்பனவற்றையெல்லாம் திரையில் ஒளிரவிட்டு விளக்கினார்கள். பாச்சலூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணிடம், என்ன படிக்க விருப்பம் என்று கேட்டார்கள். அவள் தந்தையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "காமர்சுங்க" என்றாள். பக்கத்தில் இருந்த அவள் தம்பி திடுக்கிட்டு அவளை நோக்கினான். ஆனால் வாய் திறக்கவில்லை. அவனுக்கு வாய்த்த அடக்கம் அந்த வயதில் எனக்கு வாய்க்கவில்லை என்பதை எண்ணி, முன்வரிசையில் அமர்ந்திருந்த நான் தனியே சிரித்துக்கொண்டேன்.

நான் பிறந்தது கொடைக்கானலுக்கு அப்பால் மேல்மலையில், போளூரில். உருளைக்கிழங்கும் வெள்ளைப்பூண்டும் எங்கள் விளைச்சல். நிலத்தைப் பார்த்துக்கொள்வது அப்பா. விளைந்ததைக் கீழே கொண்டுபோய் விற்பது அம்மாவின் தம்பியாகிய மாமா. வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு அவர் போகும்போதெல்லாம், மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என்னை உடன் அழைத்துச் செல்வார். சரக்குந்தில் முன்னிருக்கை எனக்கு. சந்தை நெருங்கியதும் என் காதருகே குனிந்து, "தாயி, நம்ம பூண்ட இன்னொருத்தரு மொத்தமாக் கேட்டிருக்காரு. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள. யார்ட்டயும் மூச்சு விடப்படாது" என்பார். நானும் மனமாரத் தலையசைப்பேன். ஆனால் வணிகர் ஒரு முறுக்கைக் கையில் கொடுத்து, "என்ன பாப்பா, இந்தத் தடவ சரக்கு எப்பிடி?" என்று கேட்ட மாத்திரத்தில் அத்தனையையும் கொட்டிவிடுவேன். வணிகர் சற்று யோசித்து விலையை ஏற்றுவார். மாமாவோ, "இந்தப் புள்ளய வச்சுக்கிட்டு ஒரு சோலி பாக்க முடியுதா" என்று எல்லோரும் கேட்கக் கடிந்துகொள்வார். அடுத்த முறையும் என்னையே அழைத்துப் போவார்; இன்னொரு மறைச்செய்தியைச் சொல்வார். மாமா மிகுந்த மறதிக்காரர் என்பது என் முடிபாக இருந்தது.

அவ்வாண்டு என் அக்கா கொடைக்கானலில் விடுதியில் தங்கி மேனிலைப் படிப்பை முடித்திருந்தாள். தாவரவியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் நிலத்துக் கிழங்குச் செடிகள் கருகிப்போவதன் காரணத்தை அறிந்தே தீர வேண்டும் என்று, அழுகிய கிழங்குகளைக் கண்ணாடிக் குப்பிகளில் இட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தாள். அம்மா நாள்தோறும் வைவார். அவள் ஒன்றும் பேசமாட்டாள். தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்டு அறியாதவள் அவள்.

கீழே ஒரு மகளிர் கல்லூரியில் நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். அறிவியல் பிரிவில் தேறியவர்க்கே அங்கே தாவரவியல். ஆங்கில இலக்கியத்துக்கோ எப்பிரிவினரும் தகுதியுடையர்; ஆகவே அதற்குத்தான் போட்டி மிகுதி. மாமா இதைக் கேட்டறிந்து, சந்தை முறைப்படியே ஒரு திட்டம் வகுத்தார். வேண்டியதை முதலில் கேட்பவன் ஏமாளி என்பது அவருடைய அசையாத கொள்கை.

"மொதல்ல இங்கிலீசுப் படிப்பக் கேளுத்தா. மலைக்காட்டுப் புள்ளைக்கி அது எதுக்குன்னு அவுக இழுப்பாக. பெறகு எறங்கி வந்து செடிப் படிப்பக் கேப்போம். எறங்கி வந்தவுகள வெறுங்கையா அனுப்ப மாட்டாக."

அக்கா மறுத்துப் பேசவில்லை. வெள்ளனே புறப்பட்ட பேருந்தில் மாமா, அக்கா, நான் மூவரும் மலையிறங்கினோம். கல்லூரி வளாகத்தில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது மாமா என்னைத் தனியே அழைத்துக் குனிந்தார். "தாயி, அக்காவுக்குச் செடிப் படிப்பு மேலதான் உசிரு. உள்ள போயி அத மட்டும் சொல்லிப்புடாத." நான் தலையசைத்தேன்.

முதல்வர் அம்மையார் நரைத்த தலையும் கனிந்த குரலும் உடையவர். "என்னம்மா படிக்கப் போற?" என்றார். அக்கா தரையைப் பார்த்தவாறே, "இங்கிலீசு இலக்கியம்" என்றாள்.

"சரி" என்று சொல்லி அம்மையார் எழுதுகோலைத் திறந்தார்.

கேட்ட விலைக்கு அக்கணமே தலையசைத்த ஒருவரை மாமா தம் வாழ்நாளில் கண்டதில்லை. அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆயினும் அவள் நிமிரவில்லை. மாமா கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாய் திறவாதே என்று எச்சரிப்பதாகவே நான் கொண்டேன். முடிந்தவரை மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

"அக்காவுக்கு இங்கிலீசு வேண்டாங்க. செடிப் படிப்புதான் வேணும். அழுகுன கெழங்கக் குப்பில போட்டுக் கட்டிலுக்கு அடியில வச்சிருக்கா. வீடெல்லாம் நாறுது. அம்மா எம்புட்டு வஞ்சாலும் தூரப் போட மாட்டேங்கிறா."

எழுதுகோல் தாளைத் தொடாமல் நின்றது. "அழுகின கிழங்கா? அத வச்சு என்னம்மா செய்யிற?" என்று அம்மையார் அக்காவிடம் கேட்டார்.

"ஒரே பாத்தியில ஒரு செடி கருகுதுங்க. பக்கத்துச் செடி பச்சையா நிக்கிது. மண்ணும் ஒண்ணு, தண்ணியும் ஒண்ணு. ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியல" என்று தொடங்கிய அக்கா, நிறுத்தாமல் பேசினாள். அவள் அவ்வளவு பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அம்மையார் மதிப்பெண் சான்றிதழை மீண்டும் எடுத்துப் பார்த்தார். "உயிரியல்லதான் ஒசந்த மார்க்கு. தகுதியும் இருக்கு, இடமும் இருக்கு. இத மொதல்லயே கேட்டிருக்கலாமே?"

மாமா தோள்துண்டைக் கைக்கு மாற்றிக்கொண்டார். "நேராக் கேட்டாக் கெடைக்கிற பொருளு ஒண்ணு இருக்குன்னு இன்னைக்குத்தாங்க தெரியும்."

அம்மையார் சிரித்துவிட்டார். பட்டம் பெற்றபின் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம், மேலே படித்து ஆய்விலும் ஈடுபடலாம் என்று அக்காவுக்கு எடுத்துச் சொன்னார். "கெழங்கு அழுகாம இருந்தாச் சரிங்க" என்றார் மாமா.

வெளியே வந்ததும் எனக்கு வழக்கமான வசை கிடைத்தது. "ஒரு வார்த்தய வயித்துல வைக்கத் தெரியுதா பாரு." நான் குற்றவாளியாய் நடந்தேன். அக்கா மட்டும் என் கையை விடவில்லை. வத்தலக்குண்டில் பேருந்து நின்றபோது மாமா இறங்கிப்போய் அல்வா வாங்கி வந்தார். அக்காவுக்குக் கிடைத்ததைவிட எனக்கு வந்த பொட்டலம் பெரிதாக இருந்தது. சொல் காக்காதவளுக்கு எதற்கு இத்தனை பெரிய பொட்டலம் என்பது எனக்கு விளங்கவில்லை; தின்று முடிக்கும்வரை கேட்கவுமில்லை.

மலையேறுகையில் அக்கா சன்னலில் சாய்ந்து உறங்கிப்போனாள். மாமா என் காதருகே குனிந்தார்.

"தாயி, அக்காவப் பொண்ணு கேட்டு ஒருத்தரு வந்தாரு. படிப்பு முடியட்டும், அதுவர பேச்சே இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். எந்தச் சண்டைக்கும் நான் நிப்பேன். அம்மாட்ட மட்டும் மூச்சு விட்றாத."

கல்லைப் போல் வாய் திறவாத அண்ணன் ஒருவன் வீட்டில் இருந்தான். அவனை விட்டுவிட்டு, காலையில் நடந்ததையும் மறந்து, மீண்டும் என்னிடமே சொல்கிறாரே என்று மாமாவின் மறதியை நினைத்து எனக்கு இரக்கமாக இருந்தது. இம்முறை எப்படியும் காத்துவிடுவது என்று உறுதி கொண்டேன்.

போளூரில் பேருந்து நின்றது. எங்களை எதிர்பார்த்து அம்மா சாலையோரத்தில் நின்றிருந்தார்.