காற்றாய்ப் போன நாற்பத்து நாலு காத்தி

கமலவேணியின் முகத்தில் சிரிப்பே வராது. அதனால் அவள் தங்களைக் கேலி செய்திருக்கிறாள் என்பது பலருக்கு வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைக்கும்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவளை மருதமுத்து கல்யாணம் செய்து, டவுனை ஒட்டிய காஜா பேராங்குக்கு அழைத்து வந்தார். வீட்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு காளவாய் இருந்தது. கெராங் சிப்பியின் ஓட்டைச் சுட்டு, வெற்றிலைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு கொடுப்பார். ஜப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துப் போனார்கள், திரும்பவில்லை. மூன்று மாதம் காளவாய் அணைந்து கிடந்தது. நாலாவது மாதம் கமலவேணி தானே மூட்டினாள்.

ஐம்பத்தேழில், மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, பிள்ளையார் கோயிலுக்கு வெள்ளையடிக்க முடிவானது. பொறுப்பு சொக்கப்பன் செட்டியாருடையது. ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கிளேபாங் மீனவர்கள் கொடுத்த சிப்பி ஓட்டில் ஒரு பிக்குல், அதாவது சரியாக நூறு காத்தி, நிறுத்துச் சுடுவதற்கு அனுப்பினார். திரும்பி வந்தது ஐம்பத்தாறு காத்தி. செட்டியார் நேரே காளவாய்க்கு வந்துவிட்டார்.

“மீதி நாப்பத்தி நாலு எங்க?”

“நெருப்புல போச்சு, செட்டியாரே.”

“நெருப்பு தின்னுச்சுங்கிறியா?”

“என்னைப் பாத்தா தின்ன மாதிரியா இருக்கு?”

வாய்தான் அப்படிப் பேசியது. பக்கத்து வீட்டு ருக்மணி வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கோயில் பொருளில் கை வைத்தவள் என்று தெருவில் பேச்சாகிவிடுமே என்று கமலவேணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இன்னொரு பிக்குலைத் தன் கண் முன்னால் சுடவேண்டும் என்றார் செட்டியார்.

“சுடலாம். ஆனா நீங்க நடுவுல எழுந்து போகக்கூடாது. போனா, அந்த நேரத்துல எடுத்துட்டேம்பீங்க.”

அவருக்கு நாற்காலியும் போட்டுக்கொடுத்தாள். பதினாலு வருஷமாகக் காளவாய் மூட்டுகிறவளுக்குப் புகை எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமலா இருக்கும்? சாயங்காலம் எழுந்தபோது செட்டியாரின் வேட்டி கறுத்திருந்தது, கண் சிவந்திருந்தது.

மறுநாள் காலை, சூடு ஆறியதும், தானே கொண்டுவந்த டாச்சிங் தூக்குக்கோலில் மாட்டி நிறுத்தார். ஐம்பத்தாறு.

அந்த வழியாகச் சைக்கிளில் போன பொன்னுதுரை மாஸ்டர் சத்தம் கேட்டு இறங்கினார். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவர்.

“ஒவ்வொரு தடவையும் ஐம்பத்தாறா?” என்று கேட்டார்.

“ஈர ஓடா இருந்தா முன்னப்பின்ன ஆகும், மாஸ்டர். மத்தபடி அவரு இருந்த காலத்துலேருந்து இதான்.”

மாஸ்டர் சைக்கிளை விட்டுவிட்டார். அது விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. “எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அணுவால ஆனது. வகைக்கு ஒரு எடை. இதோட அது இத்தனைன்னு எண்ணித்தான் சேரும். டால்டன்னு ஒரு வாத்தியார் நூத்தம்பது வருஷத்துக்கு முந்தியே சொன்னார். அதனாலதான் யார் சுட்டாலும் நூத்துக்கு ஐம்பத்தாறு. மீதி காத்தாப் போச்சு.”

“காத்துக்கு எடையா?” செட்டியார் சிரித்தார்.

“உண்டு. காத்தையும் சேத்துப் பிடிச்சு நிறுத்தா குந்துமணி குறையாது. லவோசியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் மூடின கண்ணாடிக்குள்ள வச்சு நிறுத்துப் பாத்தார்.”

“நல்ல மனுசன். அப்புறம் என்ன ஆனாரு?” என்றாள் கமலவேணி.

“தலையை வெட்டிட்டாங்க.”

“நிறுத்ததுக்கா?”

“இல்ல, வரி வசூல் பண்ணினதுக்கு.”

கோயில் வரி நோட்டு செட்டியாரின் அக்குளில் இருந்தது. அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

கமலவேணி சுட்ட ஓட்டின் மேல் அளவு பார்த்துத் தண்ணீர் தெளித்தாள். அது சீறியது, வெடித்தது, ஆவி விட்டது. செட்டியார் வேலிவரை போய்விட்டார். ஆறியபோது ஓடெல்லாம் உலர்ந்த மாவாக உதிர்ந்திருந்தது. அவரையே நிறுக்கச் சொன்னாள். எழுபத்து நாலு. மறுபடி நிறுத்தார். எழுபத்து நாலுதான்.

“பதினெட்டு காத்தி தண்ணி உள்ள போய் உக்காந்துக்கிச்சு,” என்றார் மாஸ்டர்.

“அப்ப மீதி இருபத்தாறு?”

“சுவத்துல அடிங்க. தண்ணி வெளிய போயிரும், போன காத்து மெல்லத் திரும்பி வந்து சேந்துக்கும். கடைசியில நூறும் சுவத்துல இருக்கும்.”

“சந்தேகமா இருந்தா சுவத்தைக் கழட்டி டாச்சிங்குல மாட்டிப் பாருங்க, செட்டியாரே,” என்றாள் கமலவேணி.

மெர்டேக்காவுக்கு முன்பே கோயில் வெளுத்துவிட்டது. செட்டியார் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த கோயில் கமிட்டிக் கூட்டத்தில் அப்பாசாமி என்ற உறுப்பினர் எழுந்து, “நூறு காத்தி கொடுத்தமே, மீதி எங்க?” என்றபோது அவருக்கு வந்த கோபத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

“காத்துக்கு எடை உண்டுங்கிறதுகூடத் தெரியாம கமிட்டியில எதுக்குய்யா உக்காந்திருக்கீரு?”

சங்கதி ருக்மணி மூலமாகவே கமலவேணி காதுக்கு வந்தது. மறு வருஷம் தெங்கேரா கடைக்காரர் ஒருவர் நூறு காத்தி ஓடு அனுப்பிவிட்டு நூறு காத்தி சுண்ணாம்பு கேட்டு வந்து நின்றார். கமலவேணி சண்டை பிடிக்கவில்லை.

“ஜவுளிக்கடைச் செட்டியாரைப் போய்க் கேளுங்க. அவருதான் இதுல கெட்டிக்காரரு.”

கடைக்காரர் போனார். செட்டியார் அவரை உட்கார வைத்து, டால்டனிலிருந்து ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் விளக்கினார். லவோசியேயின் தலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.