உருட்டச் சொன்ன வாய்

சைபுல்லாவுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. புதுக்கோட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வந்தவரோடு பேசும்போதே நாலு நடை நடந்துவிடுவார். ஞாயிறு மதியம் கடை மாடியில் கதை விளையாட்டு நடத்துகிறபோது கேட்கவே வேண்டாம், மேசையைச் சுற்றிச் சுற்றி வருவார்.

சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது அறைத் தோழர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பைத்தியம் அது. ஆளுக்கொரு கதாபாத்திரம். அது என்ன செய்கிறது என்று அவரவர் சொல்ல வேண்டும். நடக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். சந்தேகமே இல்லையென்றால் சைபுல்லா சொன்னதுதான் நடக்கும். பகடையில் ஒன்று என்ற எண் விழுந்தால் மட்டும், தன் கதாபாத்திரம் எதை இழந்தது என்பதை உருட்டியவரே சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் சைபுல்லா போட்டது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

வாராவாரம் ஆட வரும் ஹுமாவுக்கு அந்த ஞாயிறு கடைசி ஆட்டம். வியாழக்கிழமை மஸ்கட் போகிறாள், நர்ஸ் வேலைக்கு. அவளுடைய கதாபாத்திரமான படகுக்காரி ஒரு தீவுக்குப் போய், திரும்பும் நாளுக்காகக் காத்திருக்கிறாள் என்று முடித்துவிட வேண்டும் என்பது சைபுல்லாவின் திட்டம். அப்படி முடித்தால் ஹுமாவும் என்றைக்காவது இந்த மேசைக்குத் திரும்பி வருவாள் என்று ஒரு நப்பாசை.

“படகை எடுத்துக்கிட்டுத் தீவுக்குப் போறேண்ணே,” என்றாள் ஹுமா.

“ம், உருட்டு.”

பாவி மனுஷன்! பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது. கதைக் கடலில் அலை இல்லை, காற்று இல்லை, உருட்ட அங்கே என்ன இருக்கிறது? “ஏய், இரு இரு, வேணாம்!” என்று பதறுவதற்குள் பகடை அவள் கையை விட்டுப் போயிருந்தது.

ஒன்று.

“விடு மாப்ள, இதைக் கணக்குல சேக்காத,” என்றார் நிலவழகன். பள்ளிக்கூட வாத்தியார், சைபுல்லாவின் கூட்டாளி.

“அதெப்படி? உருட்டச் சொன்னா விழுந்ததுதான். நீங்க போட்ட சட்டந்தானேண்ணே?” ஹுமா பகடையை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். “படகுக்காரி தீவுக்குப் போய்ச் சேந்துட்டா. ஆனா இங்கிட்டு இருந்தவங்க ஒருத்தர் மொகமும் அவளுக்கு ஞாபகம் இல்ல.”

சைபுல்லா நடையை நிறுத்தினார். “ஏம்மா, படகு போச்சுன்னு சொல்லக் கூடாதா? துடுப்பு போச்சுன்னு சொல்லேன்!”

“ஞாபகம் இருந்தா அவளால அங்க இருக்க முடியாதுண்ணே.”

நிலவழகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆட்டத்தை நடத்துகிறவர் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

“சரி,” என்றார் சைபுல்லா. சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.