முகத்தை மட்டும் மூடியவர்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், படுக்கை விரிப்புகளை வெளுக்கும் இடத்தில் அவருக்கு வேலை. ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துச் சூடான உருளைக்குள் விடவேண்டும். மறுபக்கம் அது அப்பளம் போல வந்து விழும். உருளையின் இரைச்சலில் பேச்சு எடுபடாது, கைச்சாடைதான். கூட வேலை செய்பவர்களுக்கு அவர் குரல் எப்படியிருக்கும் என்றே தெரியாது.

ஊரில் அந்தக் குரல் தெரியாத ஆள் இல்லை. ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். கட்சிக் கூட்டம், தண்ணீர் வராத நாள், காணாமல் போன பிள்ளை, சாவு, எதுவானாலும் அவர் வாயிலிருந்து வந்தால்தான் ஊருக்குச் செய்தி. எதற்கும் ஒரே தொடக்கம்தான்: "உள்ள இருக்கறவங்க வாசலுக்கு வாங்க." ஊரே வாசலுக்கு வரும். குழாய் என்பது அவருக்கு அப்படி வந்த பெயர்.

அவருடைய கட்சியின் ஆட்சி போனபின் ஆட்டோவைக் கொளுத்தினார்கள். உயிரோடு இருந்தால் போதும் என்று அக்காதான் அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தாள். அப்பா அம்மா போனபின் அவரை வளர்த்ததும் அவள்தான்.

கட்சியின் வெளிநாட்டுக் கிளை, முடிவெட்டும் கடை ஒன்றின் மாடியில் கூடும். செயலாளர் டாக்சி ஓட்டுபவர். ஊரில் தேர்தல் நெருங்கியது. கட்சியின் ஆட்கள் வாக்குச்சாவடிக்குள் உட்காரவேண்டும், எண்ணும்போது கூட நிற்கவேண்டும், இவ்வளவுதான் கிளையின் கோரிக்கை. அதைக் கேட்கத் தூதரகத்தின் முன்னால் நிற்பது என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் ஊரில் குடும்பம் இருந்தது. தூதரகத்து ஜன்னலிலிருந்து படம் பிடிப்பார்கள் என்பதால் முகத்தை மூடிக்கொண்டு வரச் சொன்னார்கள். தெரிந்த சட்டை வேண்டாம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள் என்றுகூடச் செயலாளர் சொன்னார். கோஷம் போட ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை. "குழாய் இருக்கும்போது மைக் எதுக்கு? இவன் ரகசியம் பேசினாலே பக்கத்துத் தெருக்காரன் பதில் சொல்லுவான்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

தூதரகத்தில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. கம்பிக்கதவைப் பார்த்துக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தவருக்குப் பழக்கதோஷத்தில் அந்தப் பழைய வரி வாயில் வந்துவிட்டது.

"உள்ள இருக்கறவங்க வாசலுக்கு வாங்க!"

கூட்டம் கைதட்டியது. வெகுநாளைக்குப் பிறகு தொண்டை திறந்த சந்தோஷத்தில் அவர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூடிய ஜன்னலுக்குள்ளிருந்து எடுத்த வீடியோ, அவர் வீடு திரும்புவதற்குள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வாக்குச்சாவடியில் கட்சிக்காக உட்கார இருந்தவன் அவன்.

அக்கா போனில் கூப்பிட்டாள், அழவில்லை. "தம்பி, மூஞ்சிய மூடினியே, வாய மூடினியா?" என்றாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். தேர்தல் ஒழுங்காக நடக்கிறது, வெளிநாட்டில் கத்துகிறவர்களை நம்பாதீர்கள் என்று அவர் பேசி அனுப்பினால் பையனை விட்டுவிடுவார்களாம். முகம் வேண்டாம், குரல் போதும். "செய்யின்னும் சொல்லமாட்டேன், செய்யாதேன்னும் சொல்லமாட்டேன். அவன் சோறு தின்னானான்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

வேலையிடத்தில் சத்தமில்லாத இடம், மடித்த விரிப்புகளை அடுக்கும் அறை ஒன்றுதான். கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியில் பேசிப் பதிவுசெய்தார். ஒப்புக்கு, இழவு வீட்டில் பேசுவது போல மெல்லப் பேசினார். கேட்கிறவர்களுக்குச் சந்தேகம் வரட்டும் என்று நினைத்தார். அனுப்பியது திரும்பி வந்தது. இது அவன் குரலே இல்லை, தெருவில் கத்துவானே அந்தக் குரல் வேண்டும், அந்த முதல் வரியோடு வேண்டும் என்று சொன்னார்களாம்.

இரண்டாவது முறை அடிவயிற்றிலிருந்து பேசினார். எங்கே இழுப்பது, எங்கே நிறுத்துவது என்று தொண்டைக்குத் தானாகவே தெரிந்திருந்தது. நன்றாக வந்தது. நன்றாக வந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

டாக்சிக்குள் உட்கார்ந்து செயலாளரிடம் சொல்லிவிட்டார். செயலாளர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் அங்க அம்மா இருக்காங்க" என்றார். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு யாரும் இவரைக் கூப்பிடவில்லை.

பையனை விட்டார்கள். வாக்குச்சாவடிப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று சொல்லி விட்டார்கள். வாக்குப்பதிவு அன்று காலையில் அவர் அக்காவைக் கூப்பிட்டார். எடுத்தது அவன்.

சாப்பிட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றான். அடிபட்ட கை எப்படியிருக்கு என்று கேட்டார். பரவாயில்லை என்றான். அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "கொஞ்சம் இருங்க மாமா" என்று சொல்லிக் கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான்.

ஆட்டோச் சத்தம் கேட்டது. தூரத்திலிருந்து அவருடைய குரலே அவரை நோக்கி வந்தது. உள்ளே இருப்பவர்களை வாசலுக்குக் கூப்பிட்டது. தேர்தல் ஒழுங்காக நடப்பதாகச் சொன்னது. தெருமுனையில் திரும்பி மங்கியது. நடுவே தாழ்ப்பாள்கள் விலகும் ஓசை ஒவ்வொன்றாகக் கேட்டது.

பையன் கைபேசியைக் காதுக்குக் கொண்டுவந்தான்.

"எல்லாரும் வாசலுக்கு வந்துட்டாங்க, மாமா" என்றான்.