ஐந்து மணிக்கு மூடிய தெரு

பழைய நகரத்தின் கடிகாரக் கோபுரத் தெருவில் அவரை விசிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போக்குவரத்துக் காவலர். பதினோரு வருடம் அதே முனையில் நின்றவர். இருநூறு வருடத்துச் செங்கல் வீடுகளும் மர பால்கனிகளும் இருபுறமும் நெருக்கியடித்து நிற்கும் தெரு அது. அவற்றை அவர் ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. நேரம் ஏது? கண் முழுக்க வண்டி, காது முழுக்க ஹாரன்.

ஒருநாள் மதியம் தெரு நடுவே தண்ணீர்க் குழாய் உடைந்தது. இரண்டு முனையிலும் தடுப்பு வைத்து வண்டிகளைத் திருப்பிவிட்டார். ஐந்து மணிக்குக் குழியை மூடிவிட்டார்கள். தடுப்பை நகர்த்தப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

சாய்ந்த வெயில் மாடிச் சுவர்களில் ஏறி, செங்கல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்டியது. எப்போதும் சாத்தியே கிடக்கும் ஜன்னல்கள் திறந்திருந்தன. எதிரெதிர் பால்கனிகளில் இரண்டு பெண்கள் கத்தாமலே பேசிக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு தெருவின் நட்டநடுவில் வந்தார்.

"என்னம்மா, நம்ம தெரு இவ்வளவு அகலமா?"

மறுநாள் காலையில் விசிலக்கா இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றார்.

"தினமும் அஞ்சுலேருந்து ஏழு வரைக்கும் அந்தத் தெருவுல வண்டி வேணாம் சார்."

"உனக்கு வேலை குறையணுமாக்கும்?"

"கூடத்தான் செய்யும் சார். சுத்திப் போற வண்டிய யார் பார்க்கறது? நான்தானே!"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். கடைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் ஒரு வாரம் விட்டுப் பார்க்கலாம் என்றார்.

எல்லோரும் போட்டார்கள், பூட்டுக் கடைக்காரரைத் தவிர.

"வண்டி வரலைன்னா என் கடையில ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"இப்ப மட்டும் யாருண்ணே வண்டிய நிறுத்திட்டு பூட்டு வாங்குறாங்க? நிறுத்தத்தான் நான் விடறதே இல்லையே!"

அவர் பேனாவை வாங்கினார். முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

முதல் இரண்டு நாளும் வசவுதான். "யார் உத்தரவு இது?" என்று கார்க்காரர் ஒருவர் எகிறினார். "சுத்திப் போனா பத்து நிமிஷம் சார். இறங்கி நடந்தா மூணே நிமிஷம்" என்றார் விசிலக்கா, குரலை உயர்த்தாமல். கார்க்காரர் இறங்கி நடந்தார். மூன்றாம் நாள் மனைவியையும் அழைத்துக்கொண்டு நடந்தே வந்தார். பிறகு வேறு பேட்டைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பால்கனிகளை அண்ணாந்து பார்த்தபடி மெதுவாக நடந்தார்கள்; அப்படியே கடைகளுக்குள்ளும் நுழைந்தார்கள். ஏழாம் நாள் ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே தடுப்பை இழுத்து வைத்தது யார் என்று பார்த்தால், பூட்டுக் கடைக்காரர்!

உத்தரவு நிரந்தரமானது. தெருமுனையில் பலகையும் நட்டார்கள்.

விசிலக்காவின் மாமியாருக்கு மருமகளின் காக்கி என்றைக்குமே பிடித்ததில்லை. யாராவது கேட்டால் "ஆபீஸ்ல இருக்கா" என்று மழுப்பிவிடுவார். ஒரு மாலை அவரும் அங்கே வந்தார். கோபுரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, இறங்கும் வெயிலையும் நடமாட்டத்தையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் முழங்கையைத் தொட்டார்.

"அதோ தொப்பி போட்டுக்கிட்டு நிக்குது பாரு, அது என் மருமக. இந்தத் தெருவுல அவ வெச்சதுதான் சட்டம்."

விசிலக்காவின் காதில் அது விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை மட்டும் இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.