செல்லக்கிளி ஜீப்பை நிறுத்திய விதம்

மூக்கு என்னுடையதுதான். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பேத்தி பிறந்து இன்னும் மாதம் ஆகவில்லை. அதற்குள் வந்து பார்த்தவர்கள் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. குரல்தான் யாருடையது என்று தெரியவில்லை. அவள் அம்மாவுடையது இல்லை.

அம்மா செல்லக்கிளி, என் மருமகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் கல்யாணம். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை. சனிக்கிழமை தோட்டத்து ஜீப்பில் கீழே வருவாள். எங்கள் வீடு மலையடியில், முந்தலில். ஜீப்பு எங்கள் வாசலைத் தாண்டித்தான் போடிக்குப் போகும். "நிப்பாட்டுங்க" என்று ஒரு சொல் போதும். சொல்ல மாட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களாம். போடி வரைக்கும் போய் இறங்கி, வந்த ரோட்டிலேயே திரும்பி நடப்பாள்.

சின்னதில் அவளைச் சிலமலையில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு அவள் ஆத்தா சுப்புத்தாய் மலைக்கு வேலைக்குப் போய்விடுவாள். அழுதால் ஆத்தா அடுத்த தடவை வராது என்று சொல்லி வைத்திருந்தார்கள். நம்பிவிட்டாள்.

என் மகன் கன்னையன் அவளை ஒன்றும் சொன்னதில்லை. சனிக்கிழமையானால் போடியில் போய் நின்றுகொள்வான். இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்து வருவார்கள்.

"எறங்குற எடத்தச் சொல்ல அவளப் பழக்கக் கூடாதாடா?" என்றேன்.

"அவ அப்படித்தான்ப்பா. நடந்தா கால் தேஞ்சா போயிரும்?"

நிறைமாதத்தில், இனி மலை வேண்டாமென்று கடைசியாக ஜீப்பில் வந்தாள். வலி காலையிலேயே கண்டுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவச்சி ராக்கு இருப்பது முந்தலில், எங்கள் அடுத்த வீடு. அன்றைக்கும் போடிக்குப் போய்விட்டால் பிள்ளை ரோட்டில்தான். வளைவுக்கு வளைவு பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவள், முந்தல் தெரிந்ததும் பக்கத்திலிருந்த பேச்சியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்குச் சத்தமாக் கேக்க வராது. சின்னதுலருந்தே வராது. நீங்க நிப்பாட்டச் சொல்லுங்க."

"எதுக்குடி?"

"பிள்ள வருது."

பேச்சி போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதிக்க, ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ராக்கு வெந்நீரோடு வருவதற்கும் பேத்தி வருவதற்கும் சரியாக இருந்தது.

ஜீப்பில் நடந்ததெல்லாம் பேச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "ரெண்டு வருசமா எம்பக்கத்துலதான் உக்காந்து வர்றா. மொதல்லயே சொல்லியிருந்தா வாரா வாரம் நான் கத்தியிருப்பேன். எனக்கு அது ஒரு சோலியா?" என்றாள்.

இன்று காலை அந்த ஜீப்பு ஆட்கள் மொத்தமும் பிள்ளை பார்க்க வந்துவிட்டார்கள். வீட்டுக்குள் நிற்க இடமில்லை. பேத்தி வீறிட்டாள். எல்லோரும் செல்லக்கிளியைத் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் கூசுவாளே என்று நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.

"எங்க கொண்டு போறீக மாமா? எனக்குக் கூச்சமாத்தான் இருக்கு. கூச்சம் அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. பிள்ளையக் குடுங்க."