சந்தியில் கட்டிய பனர்

கொக்குவிலில் ரயில் பாதைக்கு அருகே, உயர்ந்த மதிலுக்குப் பின்னால் ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கிறது. அதன் முன்னறையில் தங்கித்தான் நான் ஏ.எல். படித்தேன். எங்கள் ஊர் வடக்குக் கரையில், கடலோரம். அங்கே விஞ்ஞானப் பிரிவு படிப்பிக்க ஆளில்லை. பட்டணத்தில் ரியூசன் முடிகிற நேரத்துக்குக் கடைசி மினி பஸ் போய்விடும். பொடியன்கள் சைக்கிளில் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த பஸ்ஸோடு படிப்பும் போய்விடும். எனக்குப் போகாமல் இருந்ததற்கு அந்த அறைதான் காரணம்.

வீட்டுக்காரி அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டாதவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வந்த வேதக்காரக் குடும்பம். நாங்கள் எல்லோரும் அன்ரி என்றுதான் கூப்பிடுவோம். பஸ் வசதியில்லாத ஊர்ப் பெண் பிள்ளைகளை, ஒருத்தி போக அடுத்தவள் என்று, அந்த அறையில் தங்கவைத்துப் படிக்கவைத்தார். ஒரு சதம் வாங்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குத் தனியே போவார், எங்களை ஒருநாளும் வரச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை நாங்கள் மரக்கறி என்பதால் அவருடைய குசினிக்குள்ளும் மீன் வராது. "கடற்கரையிலை பிறந்த நீரே மீனை விட்டிட்டு இருக்கிறீர், எனக்கென்ன வந்தது?" என்பார்.

இந்த மனிசி ஏன் இதையெல்லாம் செய்கிறார்? எனக்கு ஒரு விஷயம் ஏன் என்று தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும். ஒருநாள் நேரே கேட்டேன்.

"அறை சும்மா கிடந்தால் கறையான் பிடிக்கும்" என்றார்.

இன்னொரு நாளும் கேட்டேன். "உந்த ஆராய்ச்சியைக் கெமிஸ்ற்றியிலை காட்டும், பிள்ளை." அதோடு வாயை மூடிக்கொண்டேன். ஆனால் கேள்வி உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. கம்பஸ் முடித்து, வேலைக்குப் போய், தலையில் நரை விழுந்த பிறகும் அது போகவில்லை.

போன மழைக்காலம் தொடங்கும்போது அன்ரி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கனடாவில் இருக்கும் தம்பியிடம் போகப் போகிறாராம், வீட்டைப் பூட்டப் போகிறாராம். என் அக்காவின் மகள் அப்போதுதான் ஓ.எல். நல்லாகச் செய்துவிட்டு, உயிரியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஊரில் இன்றைக்கும் அதே பஸ், அதே நேரம். அடுத்ததாக அந்த அறைக்கு அவள்தான் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அன்ரியிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"அறை ஒழுகுது பிள்ளை. ஓடு மாத்த எனக்கு ஏலாது. கேக்காதையும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா போனில் அழுதாள். "வேறை என்ன செய்யிறது? ஊரிலை இருக்கிற பாடத்தைப் படிக்கட்டும்" என்றார் அத்தான். அக்காவின் மகள், என் பெறாமகள், அன்று முழுக்கச் சாப்பிடவில்லையாம். எனக்கு அன்ரி மேல் கோபம் வந்தது, உண்மை. வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. இவ்வளவு காலம் செய்தவர், இன்னும் செய்யத்தான் வேண்டும் என்று கேட்க நாங்கள் யார்?

போகுமுன் அவரைக் கௌரவிக்க வேண்டும் என்று பழைய பிள்ளைகள் நாங்கள் வாட்ஸ்அப்பில் பேசி முடிவெடுத்தோம். அன்ரியோ, "கண்டறியாத விழா! மேடை ஏறுறதுக்கு என்ரை முழங்காலை ஆர் கேட்டது?" என்று கத்தினார். நாங்கள் விடுவோமா? யாழ்ப்பாணத்தில் ஒருவரைக் கௌரவிப்பது என்றால் பொன்னாடை வேண்டும், மாலை வேண்டும், சந்தியில் பனர் வேண்டும். அதில்லாமல் விழா நடந்தது என்று ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அந்தப் பனரில்தான் கோதாரி பிடித்தது. எங்கள் அச்சகங்களுக்கு விடிந்தால் பொழுதுபட்டால் கண்ணீர் அஞ்சலிப் பனர்தான் வேலை. அச்சகக்காரர் பழகிய கையால் நடுவில் முட்டை வட்டத்துக்குள் அன்ரியின் படம், இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு, கீழே வெள்ளைப் பூக்கள் என்று செய்து போனில் அனுப்பினார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டு இதயம் போட்டோம், கும்பிடு போட்டோம். அத்தனை பேரும் பட்டதாரிகள், ஒருத்திக்கும் உறைக்கவில்லை! வேதக்கார மனிசிக்குக் குத்துவிளக்கு எதற்கு என்றுகூட ஒருத்தி கேட்கவில்லை. காலையில் அதைக் கொண்டுபோய், மரண அறிவித்தல்கள் தொங்குகிற அதே மின்கம்பத்தில் கட்டினார்கள். படம் பெரிது, கௌரவிப்பு விழா என்ற எழுத்துச் சின்னது. பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கி நின்றா வாசிப்பார்கள்?

நான் கந்தோரில் வேலையாக இருந்தேன். அத்தான் போன் எடுத்தார். "உங்கடை அன்ரி மோசம் போயிட்டாவாம். சந்தியிலை அஞ்சலிப் பனர் கட்டியிருக்காம். நாங்கள் வெளிக்கிட்டிட்டம்." வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓட்டோ பிடித்தேன். கட்டிய பனர் எங்களுடையது என்பது ஓட்டோவில் பாதி வழி போன பிறகுதான் மூளையில் ஏறியது. ஐயோ கடவுளே என்று தலையில் கைவைத்தேன்.

போய் இறங்கினால் கேற் முழுக்கச் சனம். வீட்டுச் சட்டையோடு, கையில் தும்புத்தடியோடு அன்ரி நடுமுற்றத்தில் நிற்கிறார். நீர்வேலியிலிருந்து வெள்ளை வேட்டியோடு வந்த ஒரு வாழைத் தோட்டக்காரர் அவரை நிமிர்ந்தும் பார்க்காமல், "என்ரை பிள்ளையை உன்ரை பிள்ளை மாதிரிப் பாத்தியே, எங்களை விட்டிட்டுப் போயிட்டியே" என்று மதிலைப் பிடித்துக்கொண்டு குழறுகிறார்.

"அண்ணை, நான் இஞ்சை நிக்கிறன். முகத்தைத் துடையுங்கோ" என்றார் அன்ரி.

அவர் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னும் கூட அழுதார். அழவென்று வந்த சனத்துக்கு அதைச் சட்டென்று நிற்பாட்டத் தெரியவில்லை. பண்டத்தரிப்பிலிருந்து வந்த ஒரு தாய், தன் மகளுக்கு அம்மை வந்தபோது ஊருக்கு அனுப்பாமல் அன்ரியே வைத்துப் பார்த்ததை, உயிரோடு நிற்கிற அன்ரியிடமே விக்கி விக்கிச் சொன்னார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி பெரிய பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுவந்துவிட்டார். தேவாலயத்துப் போதகர் வேதப் புத்தகத்தோடு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அந்தத் தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். எங்கள் வாட்ஸ்அப்பில் இருந்தவர்களைவிட அங்கே தெரியாத முகங்கள்தான் கூட. இவர்களையெல்லாம் அன்ரி எப்போது, எப்படிச் சேர்த்தார்? என் பழைய கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது.

அன்ரி தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். மேடை என்றால் ஓடிவிடலாம், சொந்த முற்றத்தில் இருந்து எங்கே ஓடுவது? கண் மட்டும் சிவந்திருந்தது.

பிறகு சனம் ஒவ்வொன்றாக எழும்பிப் போகத் தொடங்கியது. செத்த வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாதல்லவா, அந்தப் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு மெல்ல நழுவினார்கள். அப்போதுதான் அன்ரிக்குக் கோபம் வந்தது.

"நில்லுங்கோ! ஏன் சொல்லாமல் போறியள்? நான் செத்துப் போனனே? சொல்லிப்போட்டுப் போங்கோ!"

எல்லோரும் திரும்பி வந்து வரிசையாக, "போட்டு வாறம்" என்றார்கள். கடைசியில் என் பெறாமகள் வந்தாள். "போட்டு வாறன் அன்ரி" என்றாள்.

"நீர் எங்கை போறீர்?" என்றார் அன்ரி. "போய் அறையைப் பாரும். கட்டிலை ஒழுகாத பக்கம் இழுத்துப் போடும்."

அக்கா அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். நான் சும்மா இருப்பேனா? "அப்ப கனடா, அன்ரி?"

"தம்பியும் பேஸ்புக்கிலை பாத்திட்டுப் போனிலை குழறுறான். இஞ்சை செத்தால் இவ்வளவு சனம் வருது. அங்கை போய்ச் செத்தால் ஆர் வருவினம்?"

இதுதான் காரணமா, இல்லை இதுவும் கறையான் கதைதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விழா பிறகு நடக்கவில்லை, அதற்கு வாங்கிய பொன்னாடை என் அலுமாரிக்குள் கிடக்கிறது.

அத்தான் போய்ப் பனரை அவிழ்த்துக்கொண்டு வந்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. தோணி கட்டுகிற கை, இறுக்கி முடிச்சுப் போடும். கூரையில் ஏறி, உடைந்த ஓடுகளுக்கு மேல் அதை விரிக்கப் போனபோது, படம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"முகம் மேலை இருக்கட்டும்" என்று கீழே இருந்து கத்தினார் அன்ரி. "பிள்ளை படிக்கிற நேரம் நான் மேலை இருந்து முறைச்சுப் பாக்கக்கூடாது."

அந்த மாரி முழுக்கப் பெறாமகள் அதன் கீழேதான் படித்தாள். மழை பெய்தபோதெல்லாம் அன்ரியின் முகம் நனைந்தது. அவளுடைய புத்தகம் நனையவில்லை.