காப்புக் கட்டிய பிறகு

கம்பத்திலிருந்து ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். என்னைவிட இளையவர் ஒருவர் தினமும் பக்கத்து சீட்டில் வருவார். ஒல்லியான ஆள். காதுக்குள் யாரோ பேசுவது போலக் கேட்கும் மனநோய் அவருக்கு. தேனி டாக்டர் கொடுத்த மாத்திரையை என் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டுவார்.

"முழுங்கிட்டேனாண்ணே? உள்ள இருக்கவன் துப்பச் சொல்லுவான். நீங்கதான் சாட்சி."

மாரியம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்க, கையில் காப்புக் கட்டி வந்தார். அன்று மாத்திரை போடவில்லை.

"விரதத்துல மருந்து ஆகாதுன்னு குறி சொல்ற கோடாங்கி சொன்னாக. வீட்டுல எங்காத்தாவும் சரின்னுட்டாக."

"டாக்டரு?"

"நிறுத்தவே கூடாதுன்னாக."

"நீ என்னப்பா சொல்ற?"

சிரித்தார். "நீங்க ஒருத்தருதாண்ணே எங்கிட்ட கேக்குறீக. மாத்திரை போட்டா அவன் தள்ளி நின்னு பேசுவான். எனக்கு அது போதும்."

இதை அவர் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கலாம். சாமி காரியம் என்று பேசாமல் வண்டியை எடுத்தேன்.

பத்தாம் நாள் மலை ஏற்றத்தில், காதைப் பொத்திக்கொண்டு ஜீப்பிலிருந்து குதித்துவிட்டார். கால் முறிந்தது. விரதத்தில் குறை என்றது ஊர். டாக்டர் வீட்டாரைத் திட்டினார். கால் முறிந்தவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன்.

"என்னால உங்க வண்டிக்குக் கெட்ட பேராயிருச்சாண்ணே?" என்றார்.

என் மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.